சிமென்ட் படம்

தங்கப்பன் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க முனைகளில் செங்கல் துண்டுகளை வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"எட்டி ஜிஷா, இதும் சிமென்டுதானே?"

"சிமென்டு இல்ல மாமா. பேப்பரு. காங்கிரீட் டிசைன்."

"அதுதான் கேக்கேன். சுவத்தில இருக்கியது சிமென்டு. இதில இருக்கியதும் சிமென்டு. சிமென்டுக்க மேல சிமென்டு படம் ஒட்டி யாருக்குக் காட்டப் போறிய?"

சின்ன மகன் விஜின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலிலிருந்தே சத்தம் போட்டான். "அப்பா, இதுக்குப் பேரு காங்கிரீட் எஃபெக்ட். கவடியாறு பிளாட்டில எல்லாம் இப்பம் இதுதான் ஃபேஷன். அறியாம இருந்தா சும்மா இருக்கணும்."

"லேய், ஆயுசு முழுக்க கொத்தவேல பாத்தவன் ஞான். காங்கிரீட்ட மறைக்கப் பூசுவோம். பூசினத மறைக்க வெள்ள அடிப்போம். ஒனக்க ஃபேஷனு திரும்ப நடந்து தொடங்கின எடத்துக்கே வந்து நிக்குது."

அவர் மனைவி தாசம்மாள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பூ உள்ளது ஒண்ணும் கிட்டல்லியா மக்களே?"

"பூ உள்ளதில ரெண்டு ரோலுதான் மிச்சம் மாமி. கதவுப் பக்கத்துக்கே எத்தாது."

"அப்பம் கதவுப் பக்கம் மட்டும் ஒட்டினா?"

ஜிஷா அடுத்த சுருளைப் பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜினுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார் வீடு காண வருகிறார்கள். பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, பிடித்தாகிவிட்டது. இனி அவர்கள் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வேண்டும். கிணறு, அடுக்களை, கக்கூஸ், பெண் வந்து படுக்கப் போகும் அறை எல்லாவற்றையும் பார்த்து, சாயா குடித்து, அதன் பிறகுதான் சம்மதம் சொல்வார்கள். உதியன்குளங்கரையில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது இவர்களுடைய வீடு. பூச்சு முடிந்து வருடங்கள் ஆகியும் முன்னறை மட்டும் சிமென்ட் நிறத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு முறை வெள்ளையடித்தபோதும் அடுத்த மழைக்குச் சுவர் உப்புப் பூத்து, வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இப்போது ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. எதை அடித்தாலும் காயாது.

ஜிஷா மூத்த மகனின் மனைவி. நகரத்தில் கிள்ளிப்பாலத்துக்கு அருகே சுவர்க்காகிதம் விற்கும் கடையில் வேலை பார்த்தாள். தலையணை கனத்துக்கு இருக்கும் மாதிரிப் புத்தகங்களை வாடிக்கையாளர்களின் மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டுவாள். ஒட்டுகிறவர்களில் ஆள் குறைந்தால் நீல மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வீடுகளுக்கும் போவாள். சாஸ்தமங்கலத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்காக வரவழைத்த சுருள்களை அந்த வீட்டம்மா கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடை முதலாளி கல்யாணராமன், வலியசாலை அக்ரகாரத்துக்காரர், ஜிஷா தயங்கித் தயங்கிக் கேட்டதும் கையை விரித்தார். "எடுத்துண்டு போ கொழந்தே. இந்த பேட்ச் இனி வராது. இங்கே இருந்தாலும் கரையான்தான் திங்கப்போறது. பூச்சுமேலே நேரா ஒட்டிடாதே, மொதல்ல பசைத்தண்ணி ஒரு கோட் குடு, தெரியுமோன்னோ?"

அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு எடுத்தாள். முதலில் சுவரில் இருந்த படங்களை இறக்கினாள். இயேசுவின் படம், காலண்டர், அவளுடைய கல்யாண போட்டோ, லிபினின் தனி போட்டோ. லிபின் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் கேம்பில் எல்லோரும் எழுந்தபோது அவன் எழவில்லை. பெட்டியில் வந்தான். அடக்கத்தன்று ஜிஷா அழவில்லை. சபையில் அதைப் பற்றிப் பேசினார்கள். அதிர்ச்சி, பிறகு அழுவாள் என்று சிலர் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அழுகை வரும் என்று வெகுநாள் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதையும் மறந்துபோனாள்.

"திரும்ப ஆணி அடிச்சா பேப்பரு கிழியுமே?" தாசம்மாள் கேட்டாள். லிபினின் போட்டோவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிழியும் மாமி."

"அப்பம் இவன எங்க வைக்க?"

"உள்முறியில வைக்கலாம்."

தாசம்மாள் போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

ஜிஷா உப்புத்தாளால் சுவரைத் தேய்த்தாள். சிமென்ட் தூள் மூக்கிலும் புருவத்திலும் படிந்தது. தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவி நகர்ந்தாள். பாதிச் சுவருக்கு அப்பால் கை தானாக நின்றது. கடைசி லீவில் வந்தபோது லிபின் கொத்தன் வைக்க வேண்டாம் என்று சொல்லி அப்பாவோடு சேர்ந்து இந்தச் சுவரைப் பூசினான். வலது பக்கம் தங்கப்பன் பூசியது, தண்ணீர் நின்ற தரைபோலச் சமம். இடது பக்கம் லிபினுடையது. அவன் கை பூச்சுக் கரண்டிக்குப் பழகிய கை இல்லை. மேடும் பள்ளமுமாக, ஒரு வீச்சு முடிந்து இன்னொன்று தொடங்கிய இடமெல்லாம் தெரிந்தது. அன்று தங்கப்பன் அவனைக் கேலி செய்ததும், "மேல பெயின்ட் அடிச்சா தெரியாதுப்பா" என்று அவன் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தன. யாரோ சொல்லிக் கேட்ட விஷயம்போல வந்தன.

அந்த மேடுகளை இன்னும் கொஞ்சம் தேய்த்திருந்தால் காகிதம் நன்றாகப் பிடித்திருக்கும். அவளுக்குக் கை வலித்தது. விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை பசை கரைத்தாள். தாளின் பின்புறம் பசை தடவி, பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அது ஊறும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் எதுவும் கேட்க முடியாத நேரம். தாள் ஊறுகிறது என்று சொன்னால் போதும்.

ஆனால் தாசம்மாள் அன்று மரச்சீனிக் கிழங்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கே வந்து உட்கார்ந்தாள். தோலை நீளநீளமாக உரித்துக்கொண்டு பேசினாள்.

"ஒனக்க அம்மைக்கு இப்பம் மேலு எப்பிடி இருக்கு?"

"கொள்ளாம் மாமி."

"முட்டுவலி உண்டுண்ணு சொன்னாளே."

"அது எப்பழும் உள்ளதுதான்."

"ஒண்ணு போய்ப் பாத்தா அவளுக்கும் ஒரு சந்தோசம். நாள கடையும் லீவு. பாலராமபுரம் என்ன தூரமா? காலத்தே கோயிலு முடிஞ்ச ஒடனே ஒரு பஸ்ஸு ஏறினா..."

ஜிஷா மடித்த தாளைத் தூக்கினாள். ஸ்டூலில் ஏறி, மேல் விளிம்பை வைத்து, பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளினாள். சாம்பல் நிறத்தின்மேல் அதே சாம்பல் நிறம் இறங்கியது. இடையில் கொஞ்சம் வெளுப்பு, கொஞ்சம் கறுப்பு, பலகை பிரித்த தடம்போல ஒரு கோடு, ஆணி இருந்த துளைபோல ஒரு புள்ளி. எல்லாம் அச்சு.

"நாள அவிய வருவினுமே மாமி. சாயா, பலகாரம் எல்லாம் ஒத்தைக்கு எப்பிடிச் செய்விய?"

"அதெல்லாம் ஞான் பாத்துக்கலாம்." கிழங்கு பாத்திரத்தில் விழுந்தது. "அந்தத் தரகன் ஒரு வெவரம்கெட்டவன் கேட்டியா. அவியகிட்ட அவன் என்னவோ சொல்லி வச்சிருக்கான். ஞான் சொல்லச் சொல்லல்ல. கர்த்தருக்க மேல சத்தியமா ஞான் சொல்லல்ல."

"என்னத்த சொன்னான்?"

"மூத்தவன் போன பெறகு மருமொவ அவ வீட்டுக்குப் போயிட்டா, இனி வர மாட்டாண்ணு. அவியளுக்கு ஒரு பயம் உண்டு பாரு. பெண்ணு வந்து கேறுய வீட்டில பங்குக்கு ஒரு ஆளு இருந்தா நாளைக்குப் பிரச்னை ஆவுமோண்ணு. தாய்தகப்பனுக்கு இருக்காதா? ஒருநாளு கூத்துதான் மக்களே. கல்யாணம் கழிஞ்சா எல்லாம் நேரே ஆயிடும்."

"செரி மாமி."

"ஒனக்கு வெசமம் உண்டா?"

ஜிஷா அடுத்த தாளின் ஓரத்தை முதல் தாளின் ஓரத்தோடு சேர்த்து, கோடும் கோடும் பொருந்துகிறதா என்று பார்த்தாள். வருத்தம் இருக்கிறதா என்று தனக்குள்ளும் தேடிப் பார்த்தாள். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைக் கையால் அழுத்தினால், கால் அங்கே இருப்பது கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அப்படி இருந்தது. அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வரச் சொல்லி யாராவது கூப்பிடுவார்களா? கல்யாணம் முடிந்து புதுப்பெண் வந்த பிறகு எந்த நாளில், என்ன காரணம் சொல்லி, இந்த வாசலில் வந்து இறங்குவது? அவளுக்கு இருப்பது இந்த வீடும் உள்ளே ஒரு கட்டிலும்தான். அது போகப்போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததோடு நின்றது.

"இல்ல மாமி. தாளு ஊறுது."

தாசம்மாள் கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதற்கு முன்பே ஜிஷா பையில் ஒரு மாற்றுத்துணி வைத்தாள். கோயில் முடிந்து அப்படியே பஸ் ஏற வேண்டும். கோயிலில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியிருந்தது. தங்கப்பன் குடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று அவளுக்குக் கை காட்டினார்.

"மக்களே, இடத்தம் பக்கத்து தாளு முழுக்கக் கழண்டு வாழையெலபோல தொங்குது. எனக்கு ஒட்டத் தெரியாது. அவிய சாயங்காலம்தான் வருவினும். நீ வந்து ஒட்டிப் போட்டுப் போ."

லிபின் பூசிய பக்கம்தான். பள்ளங்களில் காற்று நின்று, ராத்திரி மழையின் ஈரத்தில் பசை இளகியிருந்தது. ஜிஷா நல்ல சேலைக்கு மேல் கடையின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டாள். தொங்கிய தாளைப் பிடித்து, பழைய பசையை ஈரத்துணியால் துடைத்தாள். ஸ்டூலின்மேல் நின்று மேல் விளிம்பை அமுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

மலையோரத்தில் மழை கனக்கிறது, சாயங்காலம் வரை காத்திருந்தால் காட்டாக்கடை ரோட்டில் வெள்ளம் ஏறிவிடும் என்று முன்பே புறப்பட்டு வந்துவிட்டார்களாம். பெண்ணின் அப்பா, தாய்மாமன், அம்மா லில்லிபாய். குடைகளை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தாசம்மாள் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஜிஷா இறங்க முடியாது. கையை எடுத்தால் தாள் விழும்.

லில்லிபாய் அண்ணாந்து அவளுடைய நீலக் கோட்டைப் பார்த்தாள். "வேல தீரல்லியா? இது கடையில உள்ள பெண்ணா?"

விஜின் செருப்பைப் பார்த்தான். தங்கப்பன் கூரையைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் தாசம்மாள். "கடையில உள்ள பெண்ணு."

ஜிஷா பிரஷ்ஷை மேலிருந்து கீழே ஓட்டினாள்.

தாய்மாமன் சுவர் அருகே வந்தார். "மாப்பிள்ள வீடு கொள்ளாம். ஆனா வெள்ள அடிக்கல்லியே?"

"அது பேப்பராக்கும்," என்றான் விஜின். "காங்கிரீட் எஃபெக்ட்."

"பேப்பரா?" அவர் விரல் முட்டியால் தட்டினார். நகத்தால் தொட்டார். "கர்த்தாவே! நெசமா பேப்பரு. அதுக்க உள்ள என்ன உண்டு?"

"சிமென்டு," என்றார் தங்கப்பன்.

"அப்பம் அத அப்பிடியே விட்டிருந்தாப் போதுமே அண்ணா!"

தங்கப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "அதத்தான் ஞானும் கேட்டேன். வீட்டில ஒருத்தனாவது மனசிலாக்கணுமே." எல்லோரும் சிரித்தார்கள். விஜின் கூடச் சிரித்தான். லில்லிபாய் சிரித்தபடியே, "நீ சொல்லு மோளே, இதினால என்ன கொணம்?" என்று கேட்டாள்.

ஜிஷா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கடையில் சொல்வதையே சொன்னாள். நிறம் மங்காது. ஈரத்துணியால் துடைக்கலாம். குழந்தைகள் கிறுக்கினாலும் போகும். சுவரில் சின்னச் சின்னக் குறைகள் இருந்தால் இந்த டிசைனில் தெரியாது. சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் நன்றாக, தெளிவாக இருந்தது. இந்த வீட்டில் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி வெகுநாளாயிற்று என்று தோன்றியது.

தாசம்மாள் சாயா கொண்டுவந்தாள். ஒரு கிளாஸ் தட்டில் சிந்தியிருந்தது.

கிணற்றடியில் ஜிஷா பிரஷ்ஷைக் கழுவும்போது லில்லிபாய் பின்னாலேயே வந்தாள். கக்கூஸையும் விறகுப்புரையையும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மோளே, நீ ஒண்ணு ரெண்டு நாளா இஞ்ச வேல செய்யுத. பொறத்தாளு பாத்தாத்தான் உள்ளது தெரியும். மாமியாக்காரி எப்பிடி? எனக்க பிள்ளைக்கு வாயி கொஞ்சம் நீளம்."

வாளியில் சாம்பல் தண்ணீர் சுழன்றது. இப்போது ஒரு வார்த்தை போதும் என்று ஜிஷாவுக்குத் தெரிந்தது. நான்தான் மூத்த மருமகள் என்று சொன்னால் ஜீப் திரும்பிப் போய்விடும். கட்டில் அவளுக்கே இருக்கும்.

"அவிய கோவம் வந்தா ஏச மாட்டினும். பேசாம இருப்பினும்," என்றாள். "ஆனா சோறு வெளம்பி மூடி வச்சிருப்பினும். கறியில மீன் துண்டு ஒண்ணு கூடுதலா கெடக்கும். அப்பம் கோவம் போச்சுண்ணு நாம அறிஞ்சுக்கணும்."

லில்லிபாய் புருவத்தை உயர்த்தினாள். "இதெல்லாம் ரெண்டு நாளிலயா கண்ட? செரி, மூத்த மருமொவ ஒருத்தி இருந்தாளாமே. சண்டக்காரியா? நீ கண்டியா அவள?"

ஜிஷா பிரஷ்ஷை உதறினாள்.

"ஞான் கண்டதில்ல," என்றாள். சொன்ன பிறகு அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்த கடைப் பெண் அங்கே நிற்க முடியாது. ஜிஷா கோட்டைக் கழற்றாமல் பையை எடுத்தாள். பெண் வீட்டாரும் மழைக்குப் பயந்து புறப்பட்டார்கள். "இந்த மழையில எங்க நடந்து போவும்? நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில எறக்கி விடலாம்," என்று லில்லிபாய் அவளை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது தாசம்மாள் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் ஓடிவந்தாள்.

"சோறு! பெண்ணு ஒண்ணும் திங்கல்ல!"

மூச்சு வாங்க, டிபன் பாத்திரம் ஒன்றை நீட்டினாள். இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்த ஜிஷாவுக்குப் பதிலாக லில்லிபாய் அதை வாங்கிக்கொண்டாள். தாசம்மாள் ஜிஷாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

"வேலைக்கு வந்த பெண்ணுக்கும் சோறு கெட்டிக் குடுக்கா," லில்லிபாய் முன்னால் இருந்த கணவரிடம் சொன்னாள். "மனசு உள்ள பொம்பளதான்." பிறகு பக்கத்தில் திரும்பி, "இவ்வளவு நேரம் பேரு கேக்கல்ல பாரு. ஒனக்க பேரென்ன?"

"ஜிஷா."

ஜீப் நெடுஞ்சாலையில் ஏறியது. பாத்திரம் லில்லிபாயின் மடியில் சூடாக இருந்தது. மூடியில் படிந்த மழைத்துளியை அவள் விரலால் வழித்தாள். வழித்த விரல் நின்றது. ஜிஷாவும் அப்போதுதான் பார்த்தாள். தினமும் காலையில் கடைக்குக் கொண்டுபோகும் பாத்திரம் அது. கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா வாங்கி, பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டித் தந்தது. லிபின் – ஜிஷா. இலையில் கட்ட வேண்டிய சோற்றை, தினமும் செய்து பழகிய கை, அவளுடைய பாத்திரத்திலேயே போட்டு மூடியிருக்கிறது.

முன்னால் ஆண்கள் ரப்பர் விலையைப் பேசினார்கள். லில்லிபாய் பெயரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அமரவிளை பாலம் வந்தது.

"வண்டிய ஒதுக்கு," என்றாள் டிரைவரிடம். "இந்தப் பிள்ளைக்கு இஞ்ச எறங்கணும்."

"ஸ்டாண்டுண்ணுல்லா சொன்ன?" என்றார் கணவர்.

"இல்ல. இஞ்சதான்."

ஜிஷா இறங்கினாள். லில்லிபாய் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய முகத்தில் கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாங்க ஆலோசிச்சுச் சொல்லுவோம். ஒனக்க மாமியிட்ட சொல்லு. நீதான் சொல்லணும். கேட்டியா?"

எதிர்ப்பக்கம், வீட்டு வழியாகத் திரும்பிப் போகும் களியிக்காவிளை பஸ் வந்தது. ஜிஷா ஏறினாள்.

வீட்டில் ஆண்கள் இல்லை. தாசம்மாள் முன்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுவாத சாயா கிளாஸ்கள் அப்படியே இருந்தன. ஜிஷா உள்ளே வந்து பாத்திரத்தை அவள் முன்னால் வைத்தாள். தாசம்மாள் மூடியைப் பார்த்தாள்.

"இதிலயா தந்தேன்?"

"ம்."

"அவ கண்டாளா?"

"கண்டா. ஆலோசிச்சுச் சொல்லுவோம்ணு சொன்னா. ஒங்ககிட்ட என்னைச் சொல்லச் சொன்னா."

தாசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று ஜிஷா பார்த்தாள். இல்லை. சும்மா பொத்திக்கொண்டிருந்தாள்.

இடதுபக்கத் தாள் மறுபடி மேலிருந்து கழன்று, மெதுவாகத் தன் எடையிலேயே மடங்கி வந்தது. ஜிஷா ஸ்டூலை எடுக்கப் போனாள்.

"ஒட்டண்டாம்," என்றாள் தாசம்மாள்.

ஜிஷா தாளை முழுவதுமாக உரித்து, மடிப்பு விழாமல் சுருட்டி மூலையில் வைத்தாள். லிபினின் பூச்சு ஈரமாக, மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. பக்கத்துத் தாளிலிருந்த சிமென்டுக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. கையை எடுத்துக் கோட்டில் துடைத்தாள்.

தாசம்மாள் பாத்திரத்தைத் திறந்தாள். சோறு, ஓரத்தில் மரச்சீனி, அதன்மேல் மீன்கறி. துண்டு மூன்று. தினமும் இரண்டுதான் இருக்கும். அவள் பாத்திரத்தை ஜிஷாவின் பக்கம் தள்ளி, தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"அவிய இனி வந்தா," அடுக்களையை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள், "சாயா நீ போட்டுக் கொண்டுவா. எனக்கு மேலு வய்யா."

"செரி மாமி," என்றாள் ஜிஷா. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு கை கழுவப் போனாள்.